இந்த 'நார்மல்' யாருக்கு?

வேப்பூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே என் உறவினர் வாங்கிய ஓர் ஆட்டின் கதை இது. கம்ப்யூட்டர் இதழில் ஆடு எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த ஆட்டைப் படுக்க வைத்ததில் ஒரு சாஃப்ட்வேருக்கும் பங்கு உண்டு.

ஆடு நாளுக்கு நாள் மெலிந்தது. ரத்தம் எடுத்து, மனிதர்களுக்குச் சோதனை செய்யும் ஒரு லேபில் கொடுத்தார்கள். ரிப்போர்ட் பிரிண்ட் ஆகி வந்தது. பெயர்: ஆடு. பாலினம்: பெண். வயது: 2. குளுக்கோஸ் 52, பக்கத்தில் 'எல்'. ஏ.எல்.பி. 240, பக்கத்தில் 'எச்'. அதைப் போட்டோ எடுத்து மொபைலில் உள்ள ஏ.ஐ. செயலியிடம் கேட்டார். சர்க்கரை குறைவு, கல்லீரல் பாதிப்பு இருக்கலாம் என்று பதில் வந்தது. உடனே வெல்லமும் அரிசிக் கஞ்சியும் தாராளமாகப் புகட்டினார். மறுநாள் ஆடு வயிறு உப்பி, அசை போடாமல் படுத்துவிட்டது.

'எச்', 'எல்' என்பவை டாக்டரின் முடிவு அல்ல. ஓர் எண்ணை வேறு இரண்டு எண்களுடன் ஒப்பிடும் சாதாரண 'இஃப்' கட்டளை தான். எக்ஸெல்லில் நீங்களே எழுதிவிடலாம். அந்த இரண்டு எண்கள் யாருடையவை என்பது தான் கேள்வி. வெறும் வயிற்றில் மனிதனுக்கு குளுக்கோஸ் 70 முதல் 100 மி.கி. ஆட்டுக்கோ சுமார் 50 முதல் 75 தான். அசை போடும் விலங்கின் வயிற்றில் நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்க வைத்து கொழுப்பு அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. தேவையான சர்க்கரையைப் பெரும்பாலும் கல்லீரலே தயாரித்துக் கொள்கிறது. அந்த வயிற்றில் திடீரென்று வெல்லமும் சோறும் கொட்டினால் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். ஏ.எல்.பி. 240 என்பதும் ஆட்டுக்கு நார்மல் தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எஸ்.ஜி.பி.டி. நாய், பூனைகளில் கல்லீரல் பாதிப்பை நன்றாகக் காட்டும். ஆடு, மாடுகளின் கல்லீரலில் அது மிகக் குறைவு. எனவே 'நார்மல்' என்று வந்தாலும் நம்ப முடியாது. கால்நடை மருத்துவர்கள் ஜி.ஜி.டி., ஜி.எல்.டி.எச். போன்றவற்றைப் பார்ப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே ரிப்போர்ட்டில் உண்மையான துப்பு ஒன்றும் இருந்தது. ஆல்புமின் 1.8. எந்த அட்டவணைப்படி பார்த்தாலும் குறைவு. பொய்யான இரண்டு எச்சரிக்கைகளுக்கு நடுவே அதை யாரும் கவனிக்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. சாணத்தைச் சோதித்ததில் ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழு.

லேப் சாஃப்ட்வேர் எழுதுபவர்களிடம் நான் கேட்பது இது தான். 'எந்த உயிரினம்' என்று ஒரு கட்டம் வையுங்கள். அது நிரப்பப்படாவிட்டால் எண்ணையும் அலகையும் மட்டும் அச்சிடுங்கள். 'எச்', 'எல்' வேண்டாம். ஏ.ஐ.யிடம் கேட்பவர்கள் இனம், வயது, அலகு மூன்றையும் எழுதுங்கள். ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள் என்பதையும் சேருங்கள். சீரத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் ரத்த அணுக்களே குளுக்கோஸைத் தின்றுவிடும். பதில் எதுவாக இருந்தாலும், எதையும் புகட்டும் முன் 1962க்கு போன் செய்யுங்கள்.

முதலில் சமையல் சோடா கரைசல், பிறகு புழு மருந்து. ஐந்தாம் நாள் ஆடு அசை போட்டது.