பனி விழாத வாரத்துக்கு என்ன கூலி?

நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். காதில் மப்ளர் சுற்றினால் தீர்ந்தது. கனடாவின் மான்ட்ரியாலில் அப்படியில்லை. ஒரு குளிர்காலத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் பனி கொட்டுகிறது. பள்ளியில் பிரெஞ்சுப் பாடத்தில் 'நேழ்' என்று படித்தேனே, அதுதான் அந்தப் பனி.

அங்கே பனியை ஓரம் ஒதுக்கினால் மட்டும் போதாது, அள்ளவும் வேண்டும். சைரன் ஒலிக்கும். தெருவோரம் நிற்கும் கார்களை இழுத்துப்போவார்கள். ஓர் எந்திரம் பனியை வாரி, பக்கத்திலேயே ஊர்ந்து வரும் லாரியில் பொழியும். நிறைந்த லாரி ஃபிரான்கோன் என்னும் பழைய கல்குவாரி போன்ற இடங்களில் கொட்டிவிட்டுத் திரும்பும்.

இந்த லாரிகளில் பல ஒப்பந்தக்காரர்களுடையவை. பகுதிநேர ஓட்டுநருக்கு நள்ளிரவிலும் அழைப்பு வரலாம். வெளியூர் போகக்கூடாது, குடிக்கக்கூடாது. ஆனால் ஓட்டிய மணிக்கு மட்டும் கூலி என்றால், பனி விழாத வாரத்தில் கை வெறுங்கைதான்.

இது நியாயமில்லை என்பேன். தீப்பிடிக்காத மாதத்தில் தீயணைப்பு வீரர் சம்பளத்தை நிறுத்துகிறோமா? மீன்பிடித் தடைக்காலம் 61 நாளுக்கு நம் அரசே மீனவருக்கு நிவாரணம் தருகிறது. மழையில் காஞ்சிபுரத்து நெசவாளியும் தெருவில் பாவு விரிக்க முடியாமல் காத்திருக்கிறார். காத்திருப்பதும் வேலைதான். கோப்பு வராத நாளிலும் சம்பளம் வாங்கிய குமாஸ்தா நான், எனக்குத் தெரியாதா?

சில நிறுவனங்கள் பருவத்துக்கு இத்தனை மணி வேலை என்று உறுதி தருகின்றன. கனடா போகும் நம் பிள்ளைகள் மணிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், சும்மா இருக்கும் வாரத்துக்கு எவ்வளவு என்றும் கேட்கட்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.