யாருக்காக இந்த நோன்பு?



1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் போரினால் ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஊரும் துறைமுகமும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 27 ஆண்டுகளின் பின், 2017 ஜூலை 3ஆம் நாள், துறைமுகமும் அதனை அண்டிய நிலத்தில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. 2019இல் துறைமுகப் புனரமைப்பின் முதற்கட்டம் நிறைவுற்றது. ஆயினும் வலிகாமம் வடக்கில் பலருடைய காணிகள் இன்னும் இராணுவத்தின் வசமே உள்ளன.

நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்த காலமெல்லாம் மக்கள் ஊர் திரும்பும் நாளுக்காக மன்றாடினார்கள், நேர்த்தி வைத்தார்கள். மன்றாட்டுக் கேட்கப்பட்டவரின் பக்தி இனி எப்படி இருக்க வேண்டும்? திருவிவிலியத்திலும் இப்படி ஒரு கேள்வி எழுந்தது.

பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர் எருசலேம் ஆலயத்தை மீண்டும் கட்டிக்கொண்டிருந்த வேளையில், பெத்தேல் ஊரவர் தூதனுப்பி, ஆலயம் அழிந்த மாதத்தில் இதுவரை இருந்துவந்த நோன்பை இனியும் தொடரவேண்டுமா என்று வினவினார்கள் (செக்கரியா 7). ஆண்டவரோ, எழுபது ஆண்டுகளாக அவர்கள் இருந்த நோன்பு உண்மையில் தமக்காகத்தானா என்று இறைவாக்கினர் வழியாகத் திருப்பிக் கேட்டார்.

அவர்கள் சிந்திய கண்ணீர் பொய்யன்று. இழந்த மண்ணுக்காக அழுவதும் பாவமன்று. ஆனால், துயரத்தில் மன்றாடும்போது நாம் தேடுவது இறைவனையா, இழந்த பொருளையா என்பது நமக்கே தெளிவாவதில்லை. பொருள் கைக்கு வந்த பின்னரே உள்ளத்தின் நோக்கம் வெளிப்படும். அதனை அறியும் வழியையும் ஆண்டவர் அங்கேயே காட்டுகிறார்: நேர்மையாக நீதி வழங்குங்கள், கைம்பெண்ணையும் அநாதையையும் அந்நியரையும் ஏழையையும் ஒடுக்காதீர்கள் என்கிறார்.

மீள்குடியேறிய ஊர்கள் பலவற்றில் ஆலயங்கள் எழுகின்றன. திருவிழாக்கள் மீண்டும் நடைபெறுகின்றன. புலம்பெயர்ந்த உறவுகளும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். இவை நல்லவையே. ஆயினும் நம்மை நாமே கேட்போம். உபயகாரரின் பெயர் கல்லில் பொறிக்கப்படாது என்றால், அதே தொகையைக் கொடுப்போமா? நமக்குக் காணி கிடைத்துவிட்டது. இன்னும் கிடைக்காத அயலவருக்காக முன்போலவே முழந்தாளிடுகிறோமா? போரில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு நம் திருவிழாவின் மகிழ்ச்சி சென்று சேருகிறதா?

இக்கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய உள்ளத்திலிருந்து எழும் மன்றாட்டு, கூரையற்ற ஆலயத்திலிருந்து எழுந்தாலும் இறைவனைச் சேரும். அத்தகைய உள்ளத்தை ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக!