மின்சாரக் கணக்கும் நம் மண்ணும்

"அணுமின்சாரத்தை எதிர்ப்பவர்கள் வளர்ச்சியின் விரோதிகள்" என்று ஒரு சாரார் முழங்குகிறார்கள். "அணு உலை என்றாலே அழிவு" என்கிறார்கள் மறு சாரார். இந்தக் கூச்சலில் மூன்று கேள்விகள் அமுங்கிப் போகின்றன. நமக்குத் தேவையான மின்சாரம் எவ்வளவு? அதைக் கணக்கிட்டவர் யார்? கணக்குத் தவறினால் நஷ்டம் யாருக்கு?

கடைசிக் கேள்விக்குப் பதில் ஆண்டிமடம் வட்டாரத்தில் இருக்கிறது. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்திற்காக 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. சுரங்கமும் வரவில்லை, ஒரு யூனிட் மின்சாரமும் வரவில்லை. நியாயமான இழப்பீடு கேட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். கால் நூற்றாண்டு கழித்து, அரசே திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தர முன்வந்தது. விற்கவும் முடியாமல், அடகு வைக்கவும் முடியாமல் கழிந்த அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

மின்தேவை பொய்யல்ல. 2024 மே 2ஆம் தேதி தமிழகத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2008க்குப் பின் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி நொந்துபோன வியாபாரிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அணுமின்சாரம் அவசரத்துக்கு உதவுமா? 2000ஆம் ஆண்டுக்குள் 10,000 மெகாவாட் என்று 1980களில் திட்டமிட்டார்கள். அந்த ஆண்டு வந்தபோது 3,000ஐக்கூட எட்டவில்லை. கூடங்குளம் ஒப்பந்தம் 1988ல் கையெழுத்தானது. முதல் மின்சாரம் 2013ல்தான் வந்தது. இன்றும் நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு சுமார் 3 சதவீதமே. இந்நிலையில் 2047க்குள் 1,00,000 மெகாவாட் என்று 2025 பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அணு உலையே கூடாது என்பதல்ல நம் வாதம். பழைய கணக்கு ஏன் பொய்த்தது என்று சொல்லிவிட்டுப் புதிய கணக்கைக் காட்டுங்கள் என்கிறோம்.

மக்களின் நிலமும் வரிப்பணமும் ஆட்சியாளர்களிடம் உள்ள அமானிதம். அமானிதத்திற்குக் கணக்குக் கேட்பது தேசத்துரோகம் ஆகாது.

நமக்கும் கடமை உண்டு. ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யாதே என்று கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. கல்யாண மண்டபத்தில் விடிய விடிய எரியும் அலங்கார விளக்குகளை அந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். மின்கட்டணத்தை உயர்த்தும் முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. வணிகச் சகோதரர்கள் அங்கே போய்ப் பேச வேண்டும். படித்த இளைஞர்கள் புள்ளிவிவரங்களைப் படித்து மனு எழுத வேண்டும். பில் வந்தபின் கடை வாசலில் நின்று புலம்புவதால் பயனில்லை.