அலமாரியில் இருக்கும் அந்த மூன்று தொகுதிகள்



சென்ற வாரம் என் புத்தக அலமாரியைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். உலக வரலாற்று வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று தடித்த தொகுதிகள் என்ன என்று என் அண்ணன் மகன் கேட்டான். பெயரைச் சொன்னேன். இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இந்த வயசில் இதெல்லாம் தேவையா?" என்று எழுதினான். வேறு இரண்டு பேர் அதற்குச் சிரித்தார்கள். பின்னூட்டத்தில் இதற்குப் பதில் அடங்காது. பொறுமையாகப் படியுங்கள்.

அவை 'ஃபிசிக் பிக்டோரியல்' என்ற அமெரிக்க இதழின் மறுபதிப்பு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாப் மைசர் என்பவர் தன் தாயாரின் வீட்டையே ஸ்டூடியோவாக்கி, 1951இல் தொடங்கிய சிறிய இதழ். கோவணம் அளவு துணி கட்டிய ஆணழகர்களின் படங்கள்தான் அதில் பெரும்பகுதி. 1990 வரை வந்தது. அத்தனை இதழ்களையும் சேர்த்து 1997இல் டாஷன் பதிப்பகம் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது.

வெளியே பார்த்தால் உடற்பயிற்சி இதழ். உள்ளே அதன் வாசகர்கள் பெரும்பாலும் தன்பால் ஈர்ப்பு கொண்ட ஆண்கள். 1962 வரை அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலும் அவர்களின் உறவு சட்டப்படி குற்றம். அதனால் உடற்பயிற்சி, கிரேக்கச் சிற்பம், ஓவியர்களுக்கான மாதிரிப் படம் என்று ஏதாவது ஒரு போர்வை தேவைப்பட்டது. 'கிரீசியன் கில்டு பிக்டோரியல்' என்று பெயரிலேயே கிரேக்கத்தை வைத்துக்கொண்ட இதழும் இருந்தது. ஏதோ ஒரு சிற்றூரில் தனியாக இருந்தவருக்கு, தன்னைப் போல் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள் என்று தபாலில் வந்த இந்த இதழ்தான் சொன்னது.

ஆபாசம் இல்லையா என்று கேட்பீர்கள். பிற்கால இதழ்களில் முழு நிர்வாணமும் உண்டு. அதனால்தான் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் 1950களின் படங்களுக்காக மனிதர்கள் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

நியூட்டன் ஆர்வின் நம்மைப் போல ஒரு வாத்தியார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இலக்கியம் கற்பித்தவர். ஹெர்மன் மெல்வில் பற்றிய நூலுக்காக 1951இல் தேசிய நூல் விருது பெற்றவர். 1960 செப்டம்பரில் போலீஸ் அவர் வீட்டைச் சோதனையிட்டு, இவ்வகை இதழ்களைக் கைப்பற்றிக் கைது செய்தது. கல்லூரி அவரை ஓய்வில் அனுப்பியது. விசாரணையில் அவர் வேறு சிலரின் பெயர்களையும் சொல்லிவிட்டார். ஸ்போஃபர்ட், டோரியஸ் என்ற இரண்டு ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள். அவர்கள் மீதான தீர்ப்பை 1963இல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆர்வினும் அதே ஆண்டில் இறந்துபோனார். வீட்டு அலமாரியில் இருந்த சில இதழ்களால் மூன்று ஆசிரியர்களின் வாழ்க்கை உடைந்தது.

அதே 1960இல் தபால் துறை இத்தகைய இதழ்களின் 405 பிரதிகளைத் தடுத்து வைத்தது. வெளியிட்டவர் லின் வோமாக். அவரும் ஒரு காலத்தில் தத்துவம் கற்பித்த பேராசிரியர்தான். விடாமல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1962இல் வென்றார். தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹார்லன் அந்த இதழ்களைத் துளியும் ரசிக்கவில்லை. ஆனாலும், சமூகம் பொறுத்துக்கொள்ளும் பெண் நிர்வாணப் படங்களைவிட இவை மோசமானவை அல்ல என்றார். தனக்குப் பிடிக்காததற்கும் அதே அளவுகோலை வைப்பதுதான் நீதி. இதைவிட நல்ல வகுப்புப் பாடம் எனக்குத் தெரியாது.

சரி, மறுபதிப்பு எதற்கு? நல்ல படங்களை மட்டும் பொறுக்கிப் போட்ட வழவழப்பான ஆல்பங்கள் கிடைக்கின்றனவே என்பார்கள். என் கருத்து நேர் எதிரானது. ஆல்பத்தில் அழகு மட்டும் மிஞ்சும், காலம் காணாமல் போய்விடும். முழு மறுபதிப்பில்தான் தணிக்கையை எதிர்த்து மைசர் எழுதிய குறிப்புகள், தபால் வழி விளம்பரங்கள், படத்தின் ஓரத்தில் மாடலின் குணத்தைச் சொல்ல அவர் வைத்த சங்கேதக் குறிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1957இல் 'டாம் ஆஃப் ஃபின்லாந்து' என்ற ஓவியர் இதன் அட்டையில் அறிமுகமானதையும் அதன் இடத்திலேயே பார்க்கலாம். அச்சு கொஞ்சம் மங்கல்தான், இருக்கட்டும். கல்வெட்டில் நல்ல எழுத்தை மட்டும் படியெடுத்து மற்றதை விட்டுவிடுவோமா?

மூலப் பிரதிகளுக்காக நான் அலைவதில்லை. வீட்டில் இருந்தாலே வேலை போகும் என்ற காலத்தில் அச்சான தாள்கள் அவை. தப்பிப் பிழைத்தவை ஆவணக் காப்பகத்தில் இருப்பதே நல்லது. என்னைப் போன்றவருக்கு மறுபதிப்பு போதும்.

அந்த டாமின் ஓவியங்களை 2014இல் ஃபின்லாந்து தபால் துறை அஞ்சல் தலையாகவே வெளியிட்டது. ஒரு நாட்டின் தபால் துறை பறிமுதல் செய்த அதே வகைக் கலையை இன்னொரு நாட்டின் தபால் துறை கடிதத்தில் ஒட்டி அனுப்பியது. காலம் தானாக மாறவில்லை. வோமாக் போன்ற பிடிவாதக்காரர்கள் மாற்றினார்கள்.

நம் நாட்டிலும் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வயது வந்தோரின் விருப்ப உறவு குற்றமல்ல என்று 377ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு என் பழைய மாணவர்கள் சிலர் எனக்குத் தனியாக எழுதினார்கள். யார் என்று யாரும் கேட்க வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டியும் வீட்டில் சொல்ல முடியாமல் இருப்பவர்கள் அவர்களில் உண்டு. சட்டம் மாறிவிட்டது, வீட்டுக் கூடத்தில் எழும் சிரிப்பு மாறவில்லை. அண்ணன் மகனுக்கு என் பதில் இதுதான்: உன் சிரிப்பைப் படிக்கிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள், தம்பி.

சொந்தங்களிடம் ஒரு வேண்டுகோள். எனக்குப் பிறகு இந்த அலமாரியை ஒழிக்கும்போது அந்த மூன்று தொகுதிகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். கேட்கிற நூலகத்துக்குக் கொடுங்கள். கேட்பதற்கு யாரும் இல்லையென்றால் வரலாறு படித்த என் மாணவர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்