பழுதுபார்ப்பும் மறு ஆக்கமும்

உழைத்து ஓய்ந்த டீசல் ரயில் எஞ்சினைப் பணிமனையில் புதுக்குவதைப் ‘பழுதுபார்த்தல்’ என்றே எழுதி வருகிறோம். அச்சொல் அப்பணிக்குப் போதாது என்பது நமது கருத்து.

வாரணாசியில் 1964 முதல் கட்டப்பெற்ற டபிள்யு.டி.எம்-2 வகையை எடுத்துக்கொள்வோம். அதனுள் 16 சிலிண்டர்கள். ஆற்றல் 2,600 குதிரைத்திறன். மீண்டும் ஆக்குவோர் முதலில் அதனை முற்றாகப் பிரிக்கின்றனர். பிஸ்டன், லைனர், வால்வு என ஒவ்வொன்றும் பிசுக்கு நீங்கக் கழுவப்பெற்று அளக்கப்படுகிறது. கிராங்க் தண்டில் கண்ணுக்குப் புலப்படாத கீறல் உண்டாவெனக் காந்தமூட்டி, இரும்புத்துகள் கொண்டு ஆராய்கின்றனர். பேரிங் அமரும் இடம் தேய்ந்திருப்பின் அதனை மேலும் சாணைபிடித்துச் சீராக்கி, குறைந்த அளவுக்கு ஈடாகத் தடித்த பேரிங்கைப் பொருத்துகின்றனர். தேய்வை மறைக்காது கணக்கிலேற்றும் இம்முறை நம்மைப் பெரிதும் கவர்கிறது.

பஞ்சாபின் பாட்டியாலாவில் 1981இல் நிறுவப்பெற்ற ரயில்வே தொழிற்கூடம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. பாதி ஆயுள் கழிந்த 2,600 குதிரைத்திறன் எஞ்சின்கள் அங்கிருந்து 3,100 குதிரைத்திறனோடு வெளிவந்தன. முன்பு இல்லாத வலிமையைச் சேர்ப்பதற்கு வேறு சொல் வேண்டாவா? ‘மறு ஆக்கம்’ என்போம். இது நூலறையில் அமர்ந்து நாம் ஆக்கிய சொல். தொழிலாளர் நாவில் இதனினும் நல்ல சொல் வழங்கக்கூடும்.

கையில் கரி படியும் தொழில் என்று நம் மாணவர் பலர் இதனை ஒதுக்குகின்றனர். பெற்றோராகிய நாமும் அதற்கு உடந்தையே. திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் டீசல் எஞ்சின்களைப் பிரித்துக் கோத்த கைகள் உண்டு. மின்மயமாக்கத்தால் அவ்வெஞ்சின்கள் குறைந்து வருகின்றன. அக்கைகளும் ஓய்வு பெறுகின்றன. அவர்தம் பட்டறைச் சொற்களைத் தொகுக்க நம் துறை மாணவர் எவரேனும் முன்வரின், உடன் சென்று கேட்டெழுத நாம் அணியமாயுள்ளோம்.