விளக்கு நம் லயத்தில்! பில் யார் பெயரில்?



பயனீட்டாளர் குறை கேட்க இந்த நாட்டில் எத்தனை ஆணையங்கள், எத்தனை மன்றங்கள்! மின்சாரத்துக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எரிசக்தி ஆணையம் இருக்கிறது. தண்ணீருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய நீர்ச் சேவை ஆணையம் இருக்கிறது. பயனீட்டாளருக்கென்று ஒரு நீர் மன்றம் அமைக்கவும் அதே ஆண்டின் இன்னொரு சட்டம் வழி வைத்தது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றம் ஒன்றும் உண்டு. அங்கே 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதியலாம், வக்கீல் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். 1965-இல் சிலாங்கூரில் பயனீட்டாளர் சங்கம் பிறந்தது. 1973-இல் அத்தகைய சங்கங்களுக்கெல்லாம் ஒரு சம்மேளனமும் கண்டாகிவிட்டது.

இவை நல்ல காரியங்களே. குறை சொல்ல வரவில்லை. ஆனால் பால்மரக் காட்டுக்குள்ளும் செம்பனைக் காட்டுக்குள்ளும் இருக்கிற நம் லயத்து வாசலுக்கு இவற்றில் எது வந்து சேர்ந்தது? அதைத்தான் கேட்கிறோம்.

ஏன் வரவில்லை என்றால், அவர்கள் கண்ணுக்கு நாம் பயனீட்டாளரே அல்ல! பட்டணத்தில் ஒருவர் வீட்டில் விளக்கு அணைந்தால் தம் கணக்கு எண்ணைச் சொல்லிக் கேட்கிறார். பதில் வராவிட்டால் ஆணையத்துக்கு எழுதுகிறார். லயத்தில் இருப்பவனுக்கு எண் ஏது? எத்தனையோ தோட்டங்களில் பெரிய மீட்டர் ஒன்றுதான். பில் நிர்வாகத்தின் பெயரில் வருகிறது. அங்கிருந்து கம்பி பிரிந்து வீடுவீடாகப் போகிறது. விளக்கு எரிவது நம் வீட்டில், பெயர் இருப்பது ஆபீசில். குறை சொல்லப் போனால் மின்சாரக் கம்பெனி, “கணக்குதாரர் வரட்டும்” என்கிறது. கணக்குதாரர் யார்? நம் துரைதான்! தம்மைப் பற்றித் தாமே புகார் கொடுக்க எந்தத் துரை போவார்?

தொழிலாளர் இலாகாவுக்குப் போனால் அங்கே லயத்தை வீடாகப் பார்ப்பார்கள். கூரை, சாக்கடை, சுவர் பற்றிக் கேட்பார்கள். மின்சாரத்தின் விலை என்றால் அது வேறு இலாகா. அந்த வேறு இலாகாவில் நாம் கணக்குதாரர் அல்ல. ஒரு வாசலில் நாம் வெறும் தொழிலாளி, மறு வாசலில் யாருமில்லை. நன்றாய் இருக்கிறது நியாயம்!

இந்த நிலைக்கு வேர் பழையது. பழைய நாளில் மின்சாரம் இருந்த தோட்டங்களில் தோட்டத்து இன்ஜின்தான் மின்சாரம். பொழுது சாய்ந்ததும் முடுக்குவார்கள், இரவில் நிறுத்துவார்கள், பெரட்டுக்கு ஆள் எழும்ப விடியுமுன் மறுபடி முடுக்குவார்கள். வெளிச்சம் துரை போட்ட பிச்சை என்று நம் பாட்டன்மார் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் 1966-இல் வீட்டு வசதிச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் லயத்து வீட்டுக்குள் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகவும், போதுமான மின்சார வசதியையும் தருவது முதலாளியின் கடமை என்று எழுதிவிட்டது. கடமை என்று எழுதிய பிறகும் பிச்சை என்று பேசுவது யாரை ஏமாற்ற?

இனி காசுக் கணக்குக்கு வருவோம். கிராணிமார் தோழர்கள் பென்சில் எடுத்துச் சரி பார்க்கட்டும். 2014 முதல் 2025 ஜூன் வரை தீபகற்பத்தில் வீட்டு மின்சாரத்துக்கு முதல் 200 யூனிட் 21.8 காசு, அடுத்த 100 யூனிட் 33.4; அதற்கு மேல் 300 யூனிட் 51.6, பின்னும் 300 யூனிட் 54.6, 900-ஐத் தாண்டினால் 57.1 காசு. ஏழை வீட்டுக்குக் குறைந்த விலை என்பதே இந்தப் படிக்கட்டின் நோக்கம். மாதம் 150 யூனிட் எரிக்கும் குடும்பத்துக்குத் தன் மீட்டர் இருந்தால் 32 வெள்ளி 70 காசு. அதே போன்ற 30 வீடுகளை ஒரே வீட்டு மீட்டரின் கீழ் கட்டிப் போட்டுக் கணக்குப் பாருங்கள். 4,500 யூனிட், 2,451 வெள்ளி 20 காசு. தலைக்கு வகுத்தால் ஏறத்தாழ 81 வெள்ளி 70 காசு! எரித்த விளக்கு அதே விளக்குதான். தோட்டத்து மீட்டருக்கு வியாபார விகிதம் போட்டால் கணக்கு மாறலாம். ஆனால் ஏழைக்கு என்று வைத்த முதல் படி லயத்துக்கு எட்டாது என்பது மாறாது. 2025 ஜூலையில் முறையே மாறிற்று. அதிலும் குறைவாய் எரிக்கும் வீட்டுக்குச் சலுகை உண்டு. அதுவும் மீட்டரைப் பார்த்துத்தான் தரப்படுகிறது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை வாங்குகிறவன் வீட்டில் 49 வெள்ளி என்பது அரிசியும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அல்லவா?

சம்பளச் சீட்டில் “லைட்” என்று ஒரு பிடிப்பு இருக்கிறதா? 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 24-ஆவது பிரிவைப் பாருங்கள். முதலாளி தரும் வசதிக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் தொழிலாளி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரின் முன் அனுமதியும் வேண்டும். அந்த இரண்டு கடிதங்களையும் காட்டும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. பிடிப்பை எழுதுகிற கிராணியும் அதே கம்பியில்தான் விளக்கு எரிக்கிறார் என்பதை அவர் மறக்க வேண்டாம்!

வீட்டுக்கு வீடு மீட்டர் என்றால் நிர்வாகம் என்ன சொல்லும்? “வீடு தோட்டத்துச் சொத்து, ஆள் இன்று இருப்பான், நாளை போவான்” என்று சொல்லும். பட்டணத்தில் வாடகை வீட்டில் குடியிருப்பவர் தம் பெயரில் மின்கணக்கு வைத்துக்கொள்வதில்லையா? அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? ஆனால் ஒன்றில் எச்சரிக்கை தேவை. தண்ணீர் சட்டப்படி நமக்கு இலவசம். தனி மீட்டர் என்ற பேரில் தண்ணீர்ப் பில்லையும் நம் தலையில் கட்டப் பார்த்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தண்ணீரில் நாம் கேட்பது பில் அல்ல. குழாயில் சேறு வந்தாலும் நாலு நாள் வராமல் போனாலும், துரையின் கையெழுத்தில்லாமல் நேரே புகார் செய்யும் உரிமையைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்று, மன்றங்களில் பயனீட்டாளர் சார்பில் உட்காருகிறவர் யார் என்ற கேள்வி. பட்டணத்துச் சங்கத்தார் படித்தவர்கள், நல்லவர்கள். ஆயினும் ஒரு மீட்டரின் பின்னால் முப்பது குடும்பம் வாழ்வது என்னவென்று வாழ்ந்தவனுக்கல்லவா தெரியும்? தோட்டத்து ஆள் ஒருவருக்கு அங்கே இடம் வேண்டும். பக்கத்து வீட்டு வங்காளதேசத்துத் தோழரும் இந்தோனேசியத் தோழரும் அதே கம்பியில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் அவர் பேச வேண்டும். தொழிற்சங்கமும் கேட்டுக்கொள்ளட்டும். சம்பள ஒப்பந்தத்தில் காசுக்குக் காசு வாதாடுகிறோம். லயத்து மின்சாரம் எந்த விகிதத்தில் என்று அதே மேசையில் ஏன் கேட்பதில்லை?

வீட்டு வாசலில் சின்ன மீட்டர் இருக்கிறவர்கள் மாதம் முதல் தேதியும் கடைசித் தேதியும் அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். மீட்டர் இல்லாதவர்கள், விளக்கும் தண்ணீரும் நின்ற நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். அந்தத் தாளைச் சம்பளச் சீட்டோடு சேர்த்து, அடுத்த கூட்டத்தில் கிளைச் செயலாளர் கையில் கொடுங்கள்.