ஹாம்ஸ்டருக்கு ஒரு ஜாகை

குழந்தை பிடிவாதம் பிடித்து, ஹாம்ஸ்டர் வாங்க நீங்களும் இசைந்துவிட்டீர்களா? சரி, பிராணியை அழைத்து வருமுன் அதற்கு ஜாகை பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முதலில் காட்டுவது சிவப்பும் நீலமுமாய், இரண்டு மாடியும் ஏணியும் வைத்த கம்பிக் கூண்டைத்தான். வெகு லட்சணம்! குழந்தை அதை விட்டு நகராது. ஆனால் மாடியில் குடியிருக்கிற பிறவியா அது?

ஸிரியாவில் அலெப்போ நகரை ஒட்டிய வயல்கள்தான் அதன் பூர்வீகம். 1930-ல் அங்கே ஒரு வளையைத் தோண்டித் தாயையும் குட்டிகளையும் பிடித்துப் போனார் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர். இன்று கடைகளில் விற்கும் ஸிரியன் ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்து வாரிசுகளே. அந்த வயல்களில் வளைகளை அளந்தபோது சராசரி ஆழம் 65 சென்டிமீட்டர் இருந்தது. நம் சமையல் மேடையின் உயரத்தில் முக்கால் பங்கு!

ஆகவே மாடியை எண்ணாதீர்கள், தரையைப் பாருங்கள். நீளம் ஒரு மீட்டர், அகலம் அரை மீட்டராவது இருக்கட்டும். பழைய மீன்தொட்டி போதும். பெரிய பிளாஸ்டிக் பெட்டியானால் மூடியை வெட்டிக் கம்பிவலை பொருத்துங்கள். உள்ளே மை படாத காகிதத் துணுக்கும் வைக்கோலும் கலந்து, 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு அமுக்கிப் போடுங்கள். அமுக்கினால்தான் சுரங்கம் இடியாது. பஞ்சு மாத்திரம் கூடவே கூடாது. காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

"ராத்திரியெல்லாம் கம்பியோடு விளையாடுகிறது" என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. விளையாட்டல்ல அம்மா அது! ஸ்விட்ஸர்லாந்தில் 10, 40, 80 சென்டிமீட்டர் படுகைகளில் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். 10 சென்டிமீட்டரில் இருந்தவைதான் மற்றவற்றைவிட மிக அதிகமாகக் கம்பியைக் கடித்தன. தோண்ட இடமில்லாத தவிப்பு.

ஓடும் சக்கரம் அவசியம். கம்பிப்படி வைத்தது வேண்டாம், கால் சிக்கும். அடைத்த தளமாய், ஓடும்போது முதுகு வளையாத அளவில், ஸிரியனுக்கு 28 சென்டிமீட்டர் குறுக்களவு இருந்தால் நல்லது.

"ஐயோ, தனியாக இருக்கிறதே" என்று இரக்கப்பட்டு இன்னொன்றையும் உள்ளே விட்டுவிடாதீர்கள். ஸிரியன் ஹாம்ஸ்டருக்கு ஒண்டுக்குடித்தனம் ஆகாது. சண்டை உயிர்ச்சேதத்தில் போய் முடியும்.

நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குப் பால்கனி உதவாது. வெயில் படாத, காற்றோட்டமுள்ள கூடத்து மூலை உத்தமம். குழந்தை படுக்கும் அறையில் வைத்தீர்களானால், நடுநிசியில் சக்கரச் சத்தம் கேட்டு விழித்துக்கொள்ளப் போவது நீங்கள்தான்!